நாலு கால் தேனீ

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில் என் கடை.
பாலம் வந்தபிறகு பகலிலும் ட்யூப் லைட்.
எஸ்.ஐ. இரண்டு குப்பிகளை மேசையில் வைத்தார்.
"இதுல ஒம்ம தேனீச்ச எதுவே?"

ஒன்றில் காட்டுத்துளி.
மற்றதில் காட்டுத்தூளி.
துகரத்தின் வாலை யாரோ கொஞ்சம் நீட்டிவிட்டதில்
சொட்டு தூசியாகிவிட்டது.
அதே மஞ்சள், அதே சாய்வெழுத்து, அதே பச்சை மூடி.
உள்ளே சீனிப்பாகு என்றார்.
நான் ருசித்துப் பார்க்கவில்லை.

அருமனை டென்னிசன் ஒன்பது வருஷத்துக்கு முன்
ஸ்கூட்டரில் வந்தார்.
ரப்பர் தளிர்க்கும் மாசியில்
தோட்டம் தோட்டமாய்ப் பெட்டி சுமப்பவர்.
கழுத்தில் கொட்டு வாங்கிய வீக்கத்தோடு
"பேரு கைவசம் உண்டு. ஒரு படம் வேணும்" என்றார்.
எண்ணூறு ரூபாய், ஒரு கிலோ தேன்.
ரசீது அவர் கேட்கவுமில்லை, நான் கொடுக்கவுமில்லை.

அன்று என் கட்டன்சாயாவில் விழுந்து செத்தது ஒன்று.
எடுத்துத் துடைத்து
ஸ்கேனர் கண்ணாடியில் கிடத்திப் பார்த்து வரைந்தேன்.
வயிற்றுக்குக் கீழே விலையும் எடையும் வரவேண்டும்,
இடம் போதவில்லை.
இரண்டு கால்களை விட்டுவிட்டேன்.

களியக்காவிளை தாண்டிக் கேரளம்வரை போனது
நாலு காலோடு.
ஒருவரும் எண்ணவில்லை.

போலிக் குப்பியைத் திருப்பினேன்.
வரைந்தவன் எவனோ,
ஆறு காலும் இருந்தன.
காலில் ரோமம்கூட. சிறகில் நரம்பு.
எனக்குக் கிடைக்காத நேரத்தை
அவனுக்கு யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

"தப்பா இருக்கது என்னுது சார்" என்றேன்.
ரைட்டர் ஷோபனகுமார் அப்படியே எழுதினார்.
பிறகு அடித்துவிட்டு
‘அசல் என அடையாளம் காட்டினார்’ என்று மாற்றினார்.

அந்நேரம் பார்த்து
திரையின் மூலையில் ஒரு பெட்டி எழும்பியது:
இந்த மென்பொருள் உரிமம் பெற்றதல்ல.
வடசேரியில் ஒரு பையன் இருநூறு ரூபாய்க்கு ஏற்றித் தந்தது.
எஸ்.ஐ. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"சாயா சொல்லும்" என்றார்.

மறுவாரம் முத்திரைத்தாளோடு வந்தார்
வக்கீல் பிரசன்னலதா.
பேருக்குப் பதிவு உண்டாம், சென்னையில்.
படத்துக்கு இல்லை.
எழுதிக் கொடுக்காதவரை
படம் வரைந்தவனுக்கே சொந்தமாம்.
"எதிர்த்தரப்பு அதக் கெளப்பினா கேஸ் ஆடிப்போவும்.
ஒப்பு போடுங்க."

ஒன்பது வருஷமாய் ஒரு சொத்து இருந்திருக்கிறது எனக்கு.
கரந்தீர்வை இல்லாத சொத்து.
கடன் கேட்டுப்போன வங்கியில்
"வேற என்ன உண்டு?" என்று கேட்டபோது
ஒன்றுமில்லை என்று சொல்லி எழுந்து வந்திருக்கிறேன்.

எவ்வளவு கேட்பது?
ஒரு காலுக்கு இவ்வளவு என்றா?
டென்னிசன் வாசலிலேயே நின்றார்.
கழுத்தில் இப்போதும் ஒரு வீக்கம்.
"கடைக்காரன் தூளிய எடுத்துக் காட்டி
இது நாப்பது ரூவா கொறவுங்கான்" என்றார்,
என்னிடமில்லை, ரோட்டைப் பார்த்து.

ஐயாயிரம் என்றேன். ஒப்பு போட்டேன்.
"அந்த ரெண்டு காலையும் இப்ப வரச்சுச் சேக்கட்டா?"
வக்கீல் பதறிவிட்டார்.
"ஒண்ணையும் தொடாதீங்க.
அந்தத் தப்புதான் நமக்குத் தெளிவு."

நாகர்கோவில் கோர்ட்டில் மூன்று வாய்தா முடிந்தது.
தூளி கடைகளில் இல்லை.
புதிதாய் ஒன்று வந்திருக்கிறதாம், காட்டுத்துளிர்.
ஓர் ஒற்று கூடியிருக்கிறது.
தேனீக்கு எத்தனை கால் என்று
போய்ப் பார்க்கவேண்டும்.

திரையில் பெட்டி மறுபடி எழும்புகிறது.
‘பிறகு நினைவூட்டு’ என்பதை அழுத்துகிறேன்.
ஒரு கல்யாண பிளெக்ஸுக்கு
குமரிக்கடலில் சூரியன் எழும் படம் வேண்டும்.
இறக்கிவிட்டேன்.
குறுக்கே படிந்திருக்கும் யாரோ ஒருவனின் பேரை
எழுத்தெழுத்தாய் அழித்துக்கொண்டிருக்கிறேன்,
அலை கலையாமல்.